வெள்ளி கறுக்கும் ஊர்

ஆம்பூர் பஜாரில் எங்களுக்கு வாடிக்கையான பத்தர் ஒருவர் இருந்தார். கொலுசு எடுக்கப் போனால், எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே "வூடு எந்தப் பக்கம்?" என்று கேட்பார். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பக்கம் என்று சொன்னால், நுணுக்கமான கண்ணி வேலை செய்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, தேய்த்துக் கழுவத் தோதான பட்டைக் கொலுசை எடுத்து நீட்டுவார். "அந்தக் காத்துக்கு இதுதாம்மா தாங்கும்" என்பார். அவர் படித்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெள்ளி எதோடு சேரும், எதோடு சேராது என்பதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

எங்கள் வீடு அந்தப் பக்கம்தான் இருந்தது. பாலாறு கூப்பிடு தூரம். ஊறிய தோலும் சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் கலந்த வாடை தெருவில் எப்போதும் நிற்கும். வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள்; எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது.

அப்பாவுக்குச் சுண்ணாம்பு யார்டில் வேலை. ஆடும் மாடும் உரித்த கையோடு அழுகிவிடாமல் இருக்கத் தோலுக்கு உப்புப் போடுவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு போகும். அந்த உப்புத் தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைத்து உப்பை வெளியேற்றுவது. அடுத்தது மயிர் எடுப்பது. அதற்குத்தான் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். சல்பைடு, மஞ்சளும் சிவப்பும் கலந்த செதில்களாக மூட்டையில் வரும். சுண்ணாம்போடு கூழாகக் கரைத்துத் தோலின் சதைப் பக்கம் பூசி, மடித்து அடுக்கி வைத்தால், மறுநாள் மயிர் கையோடு வந்துவிடும். மயிரில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தை உறுதியாகப் பிடித்துவைத்திருப்பது கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிணைப்பு. சல்பைடு அந்தப் பிணைப்பைத்தான் அறுக்கிறது. அப்பா இதையெல்லாம் சொன்னதில்லை. "மருந்து வேலை செய்யுது" என்பார், அவ்வளவுதான். அவர் விரல் நுனித் தோல் எப்போதும் வெந்து உரிந்தே இருக்கும்.

அவர் இடுப்பில் வெள்ளி அரணாக்கொடி உண்டு. அம்மா தேய்த்துக் கொடுத்த சில நாளிலேயே அது இரும்புச் சங்கிலி மாதிரி ஆகிவிடும். என் கொலுசு கறுக்க அதைவிட நாளாகும். முதலில் லேசான மஞ்சள், பிறகு பழுப்பு, சில இடங்களில் நீலம் ஓடும், கடைசியில் கறுப்பு. "ஒடம்பு சூடு. இன்னா பண்ணாலும் கறுத்துதான் பூடுது" என்று அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பாள், சனிக்கிழமை எண்ணெய் வைத்துத் தலை முழுகச் சொல்வாள். தெருவில் எல்லாப் பெண்களுக்கும் உடம்பு சூடு என்றுதான் பேச்சு. ஆனால் எங்கள் சாமி மாடத்தில் பாட்டி காலத்து வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று இருந்தது. அதை யாரும் உடம்பில் போட்டுக்கொள்ளவில்லை. அதுவும் கறுத்தது. சூடு இல்லாத சிமிழ் ஏன் கறுக்கிறது என்று கேட்டபோது அம்மா பதில் சொல்லாமல் சாம்பலை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பதில் கிடைத்தது வேலூரில், கல்லூரியில் வேதியியல் படிக்கச் சேர்ந்த பிறகு. வெள்ளி அணுவில் 47 எலக்ட்ரான்கள். அவற்றில் 46 உள்ளே நிறைந்த கூடுகளில் அடங்கியிருக்க, மிச்சம் ஒன்று மட்டும் வெளிக்கூட்டில் தனியாக நிற்கிறது. அந்த ஒன்றை இழந்தால் வெள்ளி அயனி, ஒற்றை நேர்மின் சுமை. சோடியத்துக்கும் வெளியில் ஒன்றுதான். ஆனால் சோடியம் தண்ணீரைக் கண்டாலே அதைக் கொடுத்துவிடும். வெள்ளி எளிதில் கொடுக்காது. தண்ணீர் அதை ஒன்றும் செய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் சாதாரண வெப்பத்தில் அதைத் துருவாக்குவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டாலும் ஹைட்ரஜனை விரட்டிக்கொண்டு கரைவதில்லை. நைட்ரிக் அமிலம், அதாவது பத்தர் பட்டறையில் இருக்கும் திராவகம்தான் அந்த எலக்ட்ரானைப் பிடுங்கும். அப்போது பழுப்புப் புகை எழும்ப வெள்ளி கரைந்து சில்வர் நைட்ரேட் ஆகிறது.

இன்னொன்றின் முன்னாலும் வெள்ளியின் இந்தப் பிடிவாதம் நிற்பதில்லை. அது கந்தகம். காற்றில் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் போதும். ஈரமும் ஆக்சிஜனும் துணை நிற்க, வெள்ளியின் மேல்பரப்பு சில்வர் சல்பைடாக மாறுகிறது. ஒரு கந்தகத்துக்கு இரண்டு வெள்ளி. படலம் மெல்லியதாக இருக்கும்போது அதன் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு மஞ்சளாகவும் நீலமாகவும் தெரிகிறது, தடித்ததும் கறுப்பு. தண்ணீரில் கரைய மறுக்கும் உப்புகளில் சில்வர் சல்பைடு முன்வரிசையில் நிற்பது. ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதி முடித்தபோது எனக்கு அப்பாவின் அரணாக்கொடிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருப் பெண்களுக்கு உடம்பில் ஒரு சூடும் இல்லை. யார்டில் இருந்த சல்பைடு காற்றில் ஏறி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. தெருவிலிருந்த ஒவ்வொரு கொலுசும் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் அன்று புரிந்தது. சாம்பலும் பல்பொடியும் வைத்துத் தேய்க்கும்போது போவது அழுக்கு இல்லை, வெள்ளியேதான். கறுத்த படலத்தின் எடையில் பெரும்பகுதி வெள்ளி. கல்யாணத்துக்குப் போட்ட கொலுசை அவசரத்துக்கு அடகு வைக்கப் போகும் பெண்ணிடம், "எடை கொறஞ்சிருக்கேம்மா" என்று கடைக்காரர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அவர் தராசில் தவறில்லை. பல வருஷக் காற்று அந்தப் பெண்ணின் வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. இதற்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வீட்டில் வெள்ளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை: அலுமினியப் பாத்திரத்திலோ அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்திலோ வெந்நீர் ஊற்றி, சமையல் சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டு, வெள்ளி அலுமினியத்தைத் தொடும்படி வையுங்கள். எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும் அலுமினியம், கந்தகத்திடமிருந்து வெள்ளியை மீட்டுப் பழையபடி உலோகமாக்கிவிடும். எடை போகாது.

கொலுசு மெதுவாகச் சொன்ன அதே சேதியை, ஷாப்புகளின் கழிவுநீர்த் தொட்டிகள் ஒரே மூச்சில் சொல்லிவிடும். சல்பைடு கரைந்த சுண்ணாம்புத் தண்ணீர் காரத்தன்மையில் இருக்கும் வரை வாயு பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். தோலை அமிலத்தில் ஊறவைத்த பிக்கிள் தண்ணீரோ, பதனிட்ட குரோம் தண்ணீரோ அதில் வந்து கலந்தால், ஹைட்ரஜன் சல்பைடு மொத்தமாகக் கிளம்பும். அடியில் தேங்கிய சகதியிலும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கிளறினால் வெளியே வரும். சிறிய அளவில் அழுகிய முட்டை வாடை வீசும் இந்த வாயு, காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கின் மோப்பத்தையே செத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று நினைத்து மனிதன் கீழே இறங்குவான். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி இறங்கினார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். இருவருமே வீடு திரும்பவில்லை. இந்தப் பகுதியில் இப்படி மாண்டவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தெருக்களில் பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். காற்றை அளக்காமல் ஒரு மனிதனைத் தொட்டியில் இறக்குவது கொலைக்குச் சமம். லெட் அசிட்டேட் தாள் ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டாலே கறுத்துக் காட்டும். கையடக்கமான வாயு மானிகளும் வந்துவிட்டன.

படிப்பு முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். வெள்ளி அங்கே வேறு உருவத்தில் எனக்காகக் காத்திருந்தது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் சில்வர் நைட்ரேட் கரைசல், லிட்டருக்கு 2.395 கிராம். வெளிச்சம் படக்கூடாது. விரலில் சிந்தினால் அப்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் கரும்புள்ளி. தோலில் பட்ட வெள்ளி அயனி, ஒளியின் துணையோடு எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று உலோகத் துகளாகப் படிந்துவிடும். சோப்புக்கு அது போகாது, தோல் உரிந்தால்தான் போகும். அப்பாவின் விரல்களில் சல்பைடு இருந்த இடத்தில் என் விரல்களில் சில்வர் நைட்ரேட் இருந்தது.

தண்ணீரில் உப்பின் பகுதியான குளோரைடு எவ்வளவு என்று சில்வர் நைட்ரேட்டை வைத்துப் பார்க்கும் முறைக்கு மோர் முறை என்று பெயர். ஜெர்மானியரான கார்ல் ஃபிரெடரிக் மோர் 1856-இல் வகுத்தது. தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் சில துளி விட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழும் வெள்ளி அயனியைப் பிடிக்கத் தண்ணீரில் குளோரைடும் குரோமேட்டும் இருக்கின்றன. சில்வர் குளோரைடு முதலில் வெள்ளையாக வீழ்படிவாகும். குளோரைடு எல்லாம் தீர்ந்த பிறகு விழும் முதல் துளியே குரோமேட்டுக்குப் போகும். அந்த நொடியில் மஞ்சள் செங்கல் சிவப்பாகத் திரும்பும். கை நிற்க வேண்டிய இடம் அது. அந்தச் சிவப்பை நான் முன்பே பார்த்திருந்தேன். வெள்ளிதானா என்று சந்தேகம் வந்தால் பத்தர் ஒரு சொட்டுத் திராவகம் வைப்பார். அதில் டைக்ரோமேட் கலந்திருக்கும். நல்ல வெள்ளி என்றால் சொட்டு ரத்தச் சிவப்பாகும். இரண்டும் வெள்ளியும் குரோமியமும் சேர்ந்த சிவப்புதான். பத்தர் அதை வைத்து வெள்ளியைக் கண்டுபிடித்தார், நாங்கள் உப்பைக் கண்டுபிடித்தோம்.

பாலாற்றுப் படுகையின் கிராமங்களிலிருந்து பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் தண்ணீர் வரும். பாட்டிலைத் திறந்ததுமே சில மாதிரிகள் எங்கள் தெருவை நினைவுபடுத்தும். அவற்றில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளை வராது, பழுப்பாகிக் கறுத்துவிடும். குளோரைடுக்கு முன்னால் சல்பைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். என்னோடு வேலை பார்த்த மூத்தவர் அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து சல்பைடை முதலில் அழிக்கக் கற்றுக்கொடுத்தார். "மொதல்ல அதத் தீத்துட்டு அப்பறம் இத எண்ணும்மா" என்பார். அமிலத் தன்மையுள்ள மாதிரியிலும் இந்த முறை ஏமாற்றும். குரோமேட் டைக்ரோமேட்டாக மாறி, நிறம் மாற வேண்டிய இடம் தள்ளிப்போகும். காரம் அதிகமானால் வெள்ளி ஆக்சைடாகிப் பழுப்பாகப் படியும். நடுவில் வைத்துச் செய்தால்தான் எண்ணை நம்பலாம்.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் வைத்திருந்த கரைசலில் ஒரு மில்லிலிட்டர் அரை மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். 100 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்துச் செய்தால், 250 உள்ள தண்ணீருக்கே 50 மில்லிலிட்டர், அதாவது பியூரெட் முழுசும் இறங்கிவிடும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒருநாள் கொண்டுபோனேன். பத்து மில்லிலிட்டர் மட்டும் எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் நூறாக்கிச் செய்தேன். நாற்பதில்தான் சிவந்தது. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம்.

அம்மாவிடம் சொன்னேன். "இதச் சொல்றதுக்கு இவ்ளோ படிக்கணுமா? பருப்பு வேவல, சோப்பு நுரைக்கல, தென்ன மரம் கருகுது. எனக்குத் தெரியாதா?" என்றாள். அவளுக்குத் தெரியும்தான். ஆனால் அவள் நாக்குக்குத் தெரிந்ததை அலுவலகத்தில் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். எண்ணாக வந்தால் மறுக்க முடியாது. தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனபோது அதன் கையில் இருந்தவையும் இப்படிப்பட்ட எண்கள்தான். வேலூரிலிருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவர் பணம் கட்ட வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தாங்கும் தூண்களில் இந்தத் தீர்ப்பும் ஒன்று. பாலாற்றங்கரை மக்கள் தேசத்துக்குக் கொடுத்த கொடை என்று இதை நான் நினைக்கிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியத்தைக் காரம் சேர்த்து வீழ்படிவாக்கலாம். மயிரையும் கொழுப்பையும் நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுக்கலாம். சல்பைடை ஆக்சிஜன் ஏற்றி அழிக்கலாம். குளோரைடு மட்டும் இவை எதற்கும் அசைவதில்லை. நுண்ணுயிர் தின்னாது, சுண்ணாம்பும் படிகாரமும் பிடிக்காது. அதை முழுதாகப் பிடித்துக் கீழே இறக்கும் அயனி வெள்ளி. 35.5 கிராம் குளோரைடுக்கு 108 கிராம் வெள்ளி வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஆறு கிராம். பத்து லிட்டர் குடத்துக்கு அறுபது கிராம். ஒரு குடம் தண்ணீரை நல்ல தண்ணீராக்க ஒரு ஜோடி கொலுசு என்று நான் கணக்குப் போட்டுக் காட்டியபோது, அம்மா தன் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதனால்தான் சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கும் கொதிகலன்களும் தேவைப்பட்டன. அவற்றிலிருந்தும் உப்பு மறைந்துவிடுவதில்லை. தண்ணீரை விட்டுக் குவியலாக நிலத்துக்கு வருகிறது. உப்புப் போடாமல் தோலைக் குளிரவைத்துக் கொண்டுவருவதும், ஊறவைக்கும் முன்பே உப்பை உதறி எடுப்பதும்தான் உண்மையான வழி என்பது என் முடிவு.

கழிவுநீரின் ஆக்சிஜன் தேவையை அளக்கும் சோதனையிலும் வெள்ளி உண்டு. டைக்ரோமேட்டோடு கந்தக அமிலத்தில் கொதிக்கவைக்கும்போது சில்வர் சல்பேட் வினையூக்கி. எங்கள் பகுதிக் கழிவுநீரில் உள்ள உப்பு அந்த வெள்ளியையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் பாதரச உப்பைப் போட்டுக் குளோரைடைக் கட்டிவைக்கிறோம். மாசை அளக்க இன்னொரு நஞ்சு. இந்தக் கழிவைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது என்பதில் எங்கள் மூத்தவர் கண்டிப்பானவர். குளோரைடு சோதனையில் சேரும் வெள்ளை வீழ்படிவையும் அவர் கொட்டவிடமாட்டார். ஜாடியில் சேர்த்து வைப்போம். வெளிச்சத்தில் அது ஊதா கலந்த சாம்பல் நிறமாகும். பல மாதம் சேர்ந்ததும் துத்தநாகமும் நீர்த்த அமிலமும் போட்டால், துத்தநாகம் எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைய, அடியில் சாம்பல் நிறப் பொடியாக வெள்ளி நிற்கும். உருக்கினால் பட்டாணி அளவு உருண்டை.

இதே அயனிக்கு மருந்துக் குணமும் உண்டு. தீப்புண்ணுக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பிலிருந்து கசியும் வெள்ளி அயனி, கிருமிகளின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. கொலுசைக் கறுக்கவைக்கும் அதே நாட்டம்தான் அங்கே உயிர் காக்கிறது.

1996 தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு முழுதாகப் போய்ச் சேர வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்குப் பிறகு 28 வருஷம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவும் பல்லாண்டுகள் திறந்த வெளியிலேயே கிடந்தது.

எங்கள் பக்கத்து வேதியியல் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிளஸ் டூ செய்முறையில் குளோரைடைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் சில்வர் நைட்ரேட் சேர்க்கிறார்கள்; தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு, அம்மோனியாவில் கரைகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த வாரம் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரட்டும். முதலில் சோதனைக் குழாயில் நைட்ரிக் அமிலம் சில துளி, பிறகு சில்வர் நைட்ரேட். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக் காய்ச்சி வடித்த நீர். பியூரெட் இருக்கும் பள்ளியில் மோர் முறையில் அளந்தே பார்க்கலாம். வந்த எண்ணைத் தேதியோடும் கிணற்றின் இடத்தோடும் ஒரு நோட்டில் எழுதி, வருஷா வருஷம் தொடருங்கள். கிராம சபையில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் கரைசலுக்கு இரண்டரை கிராமுக்கும் குறைவான சில்வர் நைட்ரேட் போதும்.